அக்கா சொன்னதும் நான் அனுப்பியதும்

என் மகள் எதையும் முழுதாகப் படிப்பதில்லை. அலுவலகத்திலிருந்து நாற்பது பக்க அறிக்கை வந்தால், அதைத் தூக்கி செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கிச் சொல்லச் சொல்கிறாள். அதுவும் ஐந்தே வரியில் சொல்லிவிடுகிறது. அலுவலக வேலைக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். போன மாதம் அவளுடைய மாமியார் ஊரிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பிய நீளமான செய்தியையும் அதனிடம் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெரிய மனுசி மெனக்கெட்டு எழுதிருக்காங்க. அத வாசிக்க ஒனக்குக் கண்ணு நோகுதா?" என்று கத்திவிட்டேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விஷயம் என்னன்னு தெரிஞ்சா போதும்மா. மத்ததெல்லாம் வழவழ கொழகொழதான்" என்றாள்.

நான் வெங்காயத்துக்குத் திரும்பினேன். இவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த எந்திரம் வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்பே, திண்டுக்கல்லில் அதன் வேலையை நான் பார்த்தவள். அதுவும் சம்பளம் இல்லாமல், பெருமைக்கு.

எங்கள் வீடு பேகம்பூரை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. தெருவில் பாதி முஸ்லிம் வீடுகள், மீதியில் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுப் பெண்ணைத்தான் நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் கணவர் எனக்கு அண்ணன். அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஷாப்புகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்ததும், கைக்குழந்தையையும் அக்காவையும் விட்டுவிட்டுச் சவுதிக்குப் போனார். அக்காவுக்கு அரபி எழுத்தைக் கூட்டி ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சவுதிக்கு போன் பேசக் காசு எக்கச்சக்கம் என்பதால், கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நான் வந்ததும், வெளிர்நீல ஏர்மெயில் தாளோடு அக்கா வந்துவிடுவாள். கடிதத்தின் தலையில் சிலுவை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். முதல் கடிதத்தில் கை தன்னால் போட்டுவிட்டது. அக்கா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இருந்துட்டுப் போகட்டும் விடு, பக்கத்துல 786 போட்டுரு. ரெண்டு பேருமாச் சேந்து பத்திரமாக் கொண்டு சேக்கட்டும்" என்றாள்.

அக்காவுக்கு எதையும் நேரடியாகச் சொல்ல வராது. சுற்றிச் சுற்றித்தான் வருவாள். குழாயடியில் யாருக்கும் யாருக்கும் சண்டை, அவள் தம்பி அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி ஏமாந்த கதை, சிறுமலை பக்கம் மேகம் கூடியும் டவுனுக்குள் ஒரு சொட்டு விழாதது, பாப்பா கடித்து வைத்த சீப்பு. அவள் சொல்லச் சொல்ல நான் அப்படியே எழுத வேண்டும். முடித்ததும், "எங்க, வாசி" என்பாள். ஒரு வார்த்தை விட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். "இன்னும் எடம் இருக்கா?" என்று கேட்டு, மடித்து ஒட்டுகிற ஓரத்தில்கூட இரண்டு வரி எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

எனக்கு விரல் வலிக்கும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொள்வேன். ஒரு தடவை, "மழ பேஞ்ச அன்னிக்கு ராத்திரி நாலு தடவ பாய மாத்தி மாத்திப் போட்டேன்" என்று எழுதச் சொன்னாள். பாப்பா படுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்து அண்ணனிடமிருந்து பதில் வந்தது. ஓடு மாற்ற இன்ன ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த மழைக்குள் முடித்துவிடுவார் என்று எழுதியிருந்தார். கூரை ஒழுகுகிறது என்று அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. எழுதிய எனக்கே தெரியாதது, வாசித்த அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியது. இடையில் அண்ணன் ஒரே ஒருமுறை வந்து போனார். நான் பட்டப்படிப்பை முடித்து, ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கணினி பழகினேன். பேருந்து நிலையத்தைச் சுற்றி பிரவுசிங் சென்டர்கள் முளைத்த நேரம் அது. அண்ணன் வேலை பார்த்த கம்பெனி அலுவலகத்திலும் கணினி வந்துவிட்டது. கடிதம் வந்து சேர இருபது நாள் ஆகிறது, இனி இமெயில் போடுங்கள், அன்றைக்கே கிடைத்துவிடும் என்று அவரே எழுதினார். நான் குதித்தேன். எங்கள் தெருவிலேயே இமெயில் முகவரி வைத்திருந்த ஒரே ஆள் நான்தான்.

முதல் தடவை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். பிளைவுட் தடுப்புக்குள் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல எம்புட்டு எடம் இருக்கு?" என்று கேட்டாள்.

"எம்புட்டு வேணும்னாலும் எழுதலாம்க்கா. எடம் தீரவே தீராது."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அரை மணி நேரம் பேசினாள். நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டே வந்தேன். அக்கா அரிசிப்பானையில் எறும்பு ஏறிய கதைக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. மறுபடி வந்தபோது திரையில் ஒரு எழுத்து இல்லை. "போச்சா? அம்புட்டும் போச்சா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் சென்டருக்கு வரவில்லை. "எனக்கு அந்தப் பொட்டிக்குள்ள ஒக்காந்தா ஒரு மாதிரியா வருது. நான் வீட்டுல சொல்றேன், நீ போய்ப் போட்டுரு" என்றாள்.

பாவம் இங்கேதான் தொடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சொல்வாள். திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது நான் சென்டருக்குப் போவேன். முதல் இரண்டு மாதம் நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு நோட்டை எடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். திரையின் மூலையில் கடிகாரம் ஓடும். வெளியே அடுத்த ஆள் காத்திருப்பார். ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும் ஆங்கில எழுத்தில் கூட்டித் தட்டுவதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் இதெல்லாம் நொண்டிச் சாக்கு. உண்மை என்னவென்றால், நான் சுருக்குவதில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத் தேர்வில், கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக என்று ஒரு கேள்வி வருமே, அதில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். தேவையில்லாததைக் கழித்துவிட்டுச் சாரத்தை மட்டும் கொடுப்பது பெரிய அறிவு என்று நினைத்திருந்தேன். அக்காவின் பேச்சில் கழிக்க வேண்டியது ஏராளமாக இருந்தது.

நான் அனுப்பியவை இப்படித்தான் இருக்கும்: எல்லோரும் நலம். பாப்பா நன்றாகப் படிக்கிறாள். பணம் வந்து சேர்ந்தது. தண்ணீர்ப் பிரச்சினை வழக்கம்போல் உள்ளது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். சில வாரம் இதைக்கூடப் புதிதாக அடிப்பதில்லை. போன வாரத்து மெயிலை எடுத்து ஒட்டி, ஒரு வரியை மட்டும் மாற்றுவேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மீதி நேரம் நான் எனக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணனும் மாறிவிட்டார். நான்கு பக்கம் எழுதிய மனிதர், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தி இரண்டு வரி அனுப்பினார். அதை நான் இன்னும் குறைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "அண்ணன் நல்லா இருக்காராம்க்கா" என்று சொல்லிவிடுவேன்.

அந்த வருடம் கோடையில் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குழாயடிக் கதையை ஆரம்பித்தாள். வரிசையில் யார் குடத்தை யார் நகர்த்தினார்கள், யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று நீளமாகப் போனது. நடுவில், "முந்தி இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு ஒரே நடையில வந்துருவேன். இப்ப ஒத்தக் கொடத்த ரெண்டு எடத்துல எறக்கி வச்சு, செத்த நேரம் நின்னு நின்னு வாரேன். அதையும் போடு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மறுநாள் மெயிலில் போட்டது, தண்ணீர்ப் பிரச்சினை வழக்கம்போல் உள்ளது.

இரண்டு வாரம் கழித்துத் தலையணைக் கதை வந்தது. தெருவுக்குப் பஞ்சு அடிக்கிறவன் வந்தானாம், இலவம்பஞ்சு என்று சொல்லி என்னத்தையோ கலந்துவிட்டானாம். "புதுசா ரெண்டு தலகாணி போட்டேன்னு சொல்லு. மூணு வச்சு ஒசத்திப் படுத்தாத்தான் தூக்கம் வருது, நேராப் படுத்தா முழிப்புத் தட்டிருது" என்றாள். தலையணைக்கெல்லாம் ஒரு மெயிலா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதை எழுதவே இல்லை.

அதன் பிறகு வந்த மெயிலில், அங்கு அனைவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம், கம்பெனியில் கேட்டார்கள், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அண்ணன் எழுதியிருந்தார். போய்ச் சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னதுக்கு ஒண்ணும் எழுதலையா?"

"எதுக்குக்கா?"

அக்கா கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள். "ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. நானே போய் என்ன எழுத வேண்டும் என்று கேட்டதற்கு, "எப்பவும் போல போட்டுரு" என்றாள். அதற்கு அடுத்த வாரமும் அதேதான். நல்லா இருக்கோம்னு போடு, பாப்பா நல்லா இருக்குன்னு போடு. ஒரு மூச்சில் முடித்துவிடுவாள். எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? அக்காவும் ஒரு வழியாக மெயில் எழுதப் பழகிவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். "முன்ன மாதிரி வழவழ கொழகொழன்னு பேசுறதில்லம்மா, விஷயத்த மட்டும் சொல்றாங்க" என்றேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் குழாயடியில் அக்கா மயங்கி விழுந்தாள். அவள் தம்பி தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டிருக்கிறது, ரொம்ப நாளாகவே மூச்சு வாங்கியிருக்குமே, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டாராம். தம்பி சவுதிக்கு போன் போட்டார். ஒப்பந்தம் புதிதாகப் போட்டிருந்ததால் கம்பெனி உடனே விடவில்லை. அண்ணன் வந்து இறங்கியபோது ஆபரேஷன் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

அவர் வந்த இரண்டாம் நாள், அம்மா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அக்கா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டை என்றால், அழாமல் இருப்பதற்காகப் போடுகிற சண்டை.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் கையெழுத்துப் போட்டுருப்பேனா? அன்னிக்கே ஓடி வந்துருக்க மாட்டேனா?"

"நான் எத்தன தடவ சொல்றது? சொன்னதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான நீங்க வராம இருந்தீங்க" என்றாள் அக்கா. அந்தக் குரலில் கோபம் இல்லை. மாதக் கணக்காக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் மூச்சு நிற்கப் பார்க்கிறது என்று புருசனுக்குச் சொல்லி, அவர் சுகம் அறிந்து சந்தோஷம் என்று பதில் போட்டதாக.

அண்ணன் எழுந்து பெட்டியைத் திறந்தார். என் மெயில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் அடுக்கி வைத்திருந்தார். "இந்தா இருக்கு. ஒண்ண விடாம வச்சிருக்கேன். எங்க சொல்லிருக்க, காமி" என்று சொல்லி, முதல் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டித் திக்கித்தான் வாசித்தார். எல்லோரும் நலம். பாப்பா நன்றாகப் படிக்கிறாள். தண்ணீர்ப் பிரச்சினை வழக்கம்போல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் எனக்குக் குடம் ஞாபகம் வந்தது. பிறகு தலையணை. இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தவை அதே தலையணைகள்தான். இன்னொரு தாள், இன்னொரு தாள். எல்லாத் தாளிலும் அதே ஐந்து வரி. ஒரு வருடத்துப் பேச்சை அவர் வாசித்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். "அம்புட்டுத்தானா?" என்றாள்.

"அம்புட்டுத்தான். நீயே சொல்லு, இதுல எங்க இருக்கு?"

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அண்ணனிடம் பெருமையாக, "எம்பொண்ணு சொன்னத ஒரு எழுத்து விடாம எழுதிருவாளே தம்பி" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தூக்குவாளி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆமாண்ணே, அக்கா சொன்னாங்க, நான்தான் எழுதல என்று இரண்டு வரி. எதையும் இரண்டு வரியில் சொல்லத் தெரிந்தவளுக்கு அந்த இரண்டு வரி வாயில் வரவில்லை. எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா பக்கத்தில் நின்றாள், அண்ணன் கையில் அந்தத் தாள்கள் இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாந்தான் சொல்லல" என்றாள். "அம்புட்டுத் தூரத்துல இருக்கீங்க, ஒங்களுக்கு எதுக்கு வெசனம்னு மறச்சுட்டேன்."

அண்ணன் அடக்கிவைத்திருந்த அழுகை எல்லாம் அப்போது வெளியே வந்தது. அடிப்பாவி, அடிப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சி ஆறுகிறது என்று சொல்லி அம்மா என்னைக் கிண்ணம் எடுக்க அனுப்பினாள். நான் போய் எடுத்துவந்தேன்.

ஒரு மாதம் கழித்து, அக்கா தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "அக்கா, அந்த மெயில்ல..." என்று தொடங்கியதுமே அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"விடு புள்ள. நீ படிச்ச புள்ள. எது வேணும் எது வேணாம்னு ஒனக்குத் தெரியும்னு நானும் விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகு அவள் எதையும் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டதில்லை. ரேஷன் கடை விண்ணப்பத்தைக்கூடத் தெருமுனைக்குக் கொண்டுபோய் யாரிடமோ எழுதி வாங்கினாள்.

அண்ணன் திரும்பிப் போகவில்லை. டவுனிலேயே ஒரு பிரியாணிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். எனக்குக் கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்துவிட்டேன். சில வருடங்கள் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் எங்களை உட்காரவைத்து, என் வீட்டுக்காரரிடம் அந்தக் கதையைச் சொன்னார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

"ஒரு வருசம் மாப்ள. மூச்சு முட்டுது, நடக்க முடியல, எங்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலையே. அம்புட்டு அழுத்தக்காரி. இந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும், வேணும்னா கேட்டுப் பாருங்க."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். அக்கா தட்டில் டீ டம்ளர்களோடு உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு அடி வைத்து, நிலைப்படியைப் பிடித்து ஒரு நிமிடம் நின்று, பிறகு வந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணனிடம், "ஆமா, அழுத்தந்தான். சொன்னதையே எத்தன தடவ சொல்லுவீக, டீயக் குடிங்க" என்றாள்.

"ஆமாங்க, அக்கா சொல்லவே இல்ல" என்று நானும் சொன்னேன்.